டிடிடி சரிபார்ப்பு: பார்சர் மௌனமாக இருந்தால் கோப்பு சரி என்று பொருளில்லை

எக்ஸ்எம்எல் கோப்பை டிடிடியோடு (எந்த டேகுக்குள் எது, எந்த வரிசையில் வரலாம் என்று வரையறுக்கும் இலக்கணம்) வைத்துச் சரிபார்க்கும் நிரலை எழுத அதிக நேரம் ஆகாது. எந்த மொழியானாலும் ஏழெட்டு வரிதான். அந்த ஏழெட்டு வரி உண்மையிலேயே சரிபார்க்கிறதா, சும்மா ஓடி முடிகிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டிலும் திரையில் ஒன்றும் வராது. வேலிடேஷனை ஆன் செய்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் தவறான கோப்புகளை வரிசையாக உள்ளே விட்டுக்கொண்டிருக்கும் நிரல்கள் இதனால்தான் இத்தனை இருக்கின்றன.

இதற்குக் காரணம் லைப்ரரிகளின் அலட்சியம் அல்ல. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யு3சி அமைப்பு 1998 பிப்ரவரியில் வெளியிட்ட எக்ஸ்எம்எல் 1.0 விதியிலேயே பிழைகள் இரண்டு தரமாகப் பிரிக்கப்பட்டுள்ளன. திறந்த டேகை மூடாமல் விடுவது, ஆட்ரிபியூட் மதிப்புக்கு மேற்கோள் போடாமல் விடுவது போன்றவை வெல்ஃபார்ம்டு விதியை, அதாவது எக்ஸ்எம்எல்லின் அடிப்படை எழுத்து விதியை, மீறுபவை. இவை ஃபேட்டல். பார்சர் (கோப்பைப் படித்துப் பிரிக்கும் நிரல்பகுதி) அங்கேயே நின்றாக வேண்டும். டிடிடியில் இல்லாத எலிமென்ட், வரிசை மாறிய எலிமென்ட், கட்டாய ஆட்ரிபியூட் விடுபட்டது ஆகியவை வேலிடிட்டி பிழைகள். இவற்றைப் பயனர் கேட்டால் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். தெரிவித்துவிட்டு பார்சர் மேலே படித்துக்கொண்டே போகலாம். நிரலில் வரும் குழப்பங்களில் பாதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருகிறது.

பேச்சுக்கு ஒரு நூல் பட்டியலை எடுத்துக்கொள்வோம். எக்ஸ்எம்எல்லில் எலிமென்ட் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதால் உதாரணங்கள் அப்படியே இருக்கும். டிடிடியின் கட்டளைச் சொற்களையும் நிரல் பெயர்களையும் இங்கே தமிழெழுத்தில் எழுதுகிறேன். கோப்பில் எலிமென்ட், அட்லிஸ்ட், எம்ப்டி, பிசிடேட்டா எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் வர வேண்டும். சிறிய எழுத்தில் போட்டால் டிடிடியே படிக்கப்படாது.

நூல் என்ற எலிமென்டுக்குள் என்னென்ன வரலாம் என்பதற்கான வரையறை:

(தலைப்பு, ஆசிரியர்+, தொகுதி?, அட்டை?)

தலைப்பு ஒன்று, ஆசிரியர் ஒருவரோ பலரோ, தொகுதியும் அட்டையும் இருந்தால் இருக்கலாம். காற்புள்ளி வரிசையைக் கட்டாயமாக்குகிறது. பட்டியலின் வரையறை (நூல்+). தலைப்பு, ஆசிரியர், தொகுதி மூன்றிலும் வெறும் எழுத்து (பிசிடேட்டா). அட்டை எம்ப்டி வகை, அதாவது உள்ளே எதுவும் இருக்கக்கூடாது, அதற்கு 'கோப்பு' என்ற கட்டாய ஆட்ரிபியூட். நூலுக்கு 'அடையாளம்' என்ற ஐடி வகை ஆட்ரிபியூட். இதற்குப் பொருந்தும் கோப்பில் ஒரு நூல் இப்படி இருக்கும்:

<நூல் அடையாளம்="நூ101">
  <தலைப்பு>கணிதம்</தலைப்பு>
  <ஆசிரியர்>முதலாமவர்</ஆசிரியர்>
  <அட்டை கோப்பு="அ1"/>
</நூல்>

ஜாவாவில் மௌனம் எங்கிருந்து வருகிறது

டாக்குமென்ட்பில்டர்ஃபேக்டரியை எடுத்து செட்வேலிடேட்டிங் என்பதை ட்ரூ ஆக்கி, பில்டரை உருவாக்கி, பார்ஸ் செய்கிறோம். எரர்ஹேண்ட்லர் (பிழைகளை வாங்கிக்கொள்ளும் பொருள்) வைக்கவில்லை என்றால், "வேலிடேஷன் ஆன் ஆகியிருக்கிறது, எரர்ஹேண்ட்லர் இல்லை, இது நீங்கள் நினைத்தது இல்லையோ" என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை கன்சோலில் வரும். எக்ஸெப்ஷன் வராது. பார்ஸ் முழுதாக முடிந்து, கோப்பின் எலிமென்டுகளை நினைவகத்தில் அடுக்கிய மரமும் கையில் வந்துவிடும். சர்வரில் ஓடும் நிரலின் கன்சோலை யார் பார்க்கிறார்கள்?

மரம் கட்டாமல், படிக்கப் படிக்க நிகழ்வுகளாகத் தரும் சாக்ஸ் முறையில் நிலைமை இன்னும் மோசம். எல்லாரும் டிஃபால்ட்ஹேண்ட்லரை எக்ஸ்டெண்ட் செய்துதான் எழுதுவார்கள். அந்த வகுப்பே எரர்ஹேண்ட்லராகவும் இருப்பதால் மேற்சொன்ன எச்சரிக்கைகூட வராது. அதில் ஃபேட்டல்எரர் மெத்தட் எக்ஸெப்ஷனை எறிகிறது. எரர், வார்னிங் இரண்டும் வெற்று மெத்தட்கள். வேலிடிட்டி பிழைகள் வருவது எரர் மெத்தடுக்குத்தான். ஆக, எரரை ஓவர்ரைட் செய்யாத வரை டிடிடி சரிபார்ப்பு முழுதாக நடந்து, அதன் முடிவு முழுதாகக் காற்றில் போகிறது.

செய்ய வேண்டியது: எரர்ஹேண்ட்லரின் மூன்று மெத்தட்களையும் நீங்களே எழுதுங்கள். எரரில் உடனே எக்ஸெப்ஷனை எறியலாம், அல்லது பிழைகளை ஒரு பட்டியலில் சேர்த்து, பார்ஸ் முடிந்ததும் பட்டியல் காலியா என்று பார்க்கலாம். கோப்பு அனுப்பியவருக்கு அறிக்கை தர வேண்டுமென்றால் சேர்ப்பதே நல்லது. டிடிடி ஒவ்வொரு எலிமென்டையும் தனித்தனியாகப் பார்ப்பதால் ஒரு பிழையிலிருந்து நூறு போலிப் பிழைகள் கிளைப்பது குறைவு, பட்டியல் பயனுள்ளதாகவே இருக்கும். ஆனாலும் ஓர் உச்சவரம்பு வையுங்கள். வேறொரு டிடிடிக்கான பெரிய கோப்பு தவறி உள்ளே வந்தால் ஒவ்வொரு டேகும் ஒரு பிழையாகி நினைவகம் நிறையும்.

செட்வேலிடேட்டிங் டிடிடிக்கு மட்டுமானது. எக்ஸ்எஸ்டி ஸ்கீமா என்ற இன்னொரு வகை இலக்கணத்துக்கு செட்ஸ்கீமா என்ற தனி வழி. இரண்டையும் சேர்த்து ஆன் செய்துவிட்டு, "நோ கிராமர் ஃபவுண்ட்" என்றும், ரூட் எலிமென்ட் (எல்லாவற்றுக்கும் வெளியே உள்ளது) டாக்டைப்பில் (கோப்பின் தலையில் டிடிடியைக் காட்டும் வரி) உள்ள "நல்" (ஏதுமில்லை) என்பதோடு பொருந்தவில்லை என்றும் ஜோடியாக இரண்டு பிழைகள் வருகின்றனவே என்று குழம்புபவர்கள் அதிகம். அந்த ஜோடிக்கு ஒரே பொருள்தான்: டிடிடி சரிபார்ப்பு கேட்டிருக்கிறீர்கள், கோப்பில் டாக்டைப் வரியே இல்லை. எக்ஸ்எஸ்டிதான் வேண்டுமென்றால் செட்வேலிடேட்டிங்கை ஃபால்ஸாகவே விடுங்கள். ஜாவக்ஸ் வேலிடேஷன் பேக்கேஜில் உள்ள ஸ்கீமாஃபேக்டரி வழியாக டிடிடியைக் கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். ஜாவாவின் ஜேடிகே தொகுப்போடு வருவது டிடிடியை ஏற்காது.

இலக்கணத்தை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்

நான் மிக முக்கியமாகக் கருதும் இடம் இது. எரர்ஹேண்ட்லர் இல்லாத பிழையையாவது சோதனையில் பிடித்துவிடலாம், இதைப் பிடிப்பது கடினம்.

செட்வேலிடேட்டிங் சரிபார்ப்பது உங்கள் டிடிடியோடு அல்ல, கோப்பின் டாக்டைப் வரி எந்த டிடிடியைக் காட்டுகிறதோ அதோடு. அந்த வரியை எழுதுவது கோப்பை அனுப்புபவர். தேர்வெழுதுபவரே கேள்வித்தாளையும் கொண்டுவருவது போன்ற ஏற்பாடு இது. டாக்டைப் வரியின் சதுர அடைப்புக்குள், அதாவது இன்டர்னல் சப்செட்டில், 'பட்டியல் என்ற எலிமென்டுக்குள் வெறும் எழுத்து வரலாம்' என்று ஒரே ஓர் அறிவிப்பை எழுதி, உள்ளே வெறும் எழுத்தைக் கொட்டி அனுப்பினால், பார்சர் அதை முழுச் செல்லுபடியான ஆவணம் என்றே சொல்லும். விதிப்படி அது செல்லுபடிதான். உங்கள் நூல் வரையறை அங்கே பேச்சுக்கே வரவில்லை.

முழுதாக மாற்றாமல் கொஞ்சம் வளைக்கவும் முடியும். இன்டர்னல் சப்செட் முதலில் படிக்கப்படும், வெளி டிடிடி பிறகு. ஒரே ஆட்ரிபியூட் இருமுறை அறிவிக்கப்பட்டால் முதலில் வந்ததே செல்லும், என்டிட்டிக்கும் (ஒரு பெயரைச் சுட்டி வேறு எழுத்தையோ கோப்பையோ உள்ளே கொண்டுவரும் வசதி) அப்படியே. எனவே உங்கள் டிடிடியில் கட்டாயமென்று இருக்கும் 'கோப்பு' ஆட்ரிபியூட்டை, கோப்புக்குள்ளேயே விருப்பத்துக்குரியது என்று அறிவித்துவிட்டால் அதுதான் நிற்கும். எலிமென்ட் அறிவிப்பு மட்டும் விதிவிலக்கு, இருமுறை வந்தால் அது வேலிடிட்டி பிழை.

அப்படியானால் என்ன செய்வது? ஜாவாவில் மூன்று பூட்டுகள் போட வேண்டும். முதலாவது, பார்சர் வெளிக்கோப்பு கேட்கும்போது அதை எடுத்துத் தரும் என்டிட்டிரிசால்வர். உங்கள் டிடிடியின் சிஸ்டம் ஐடியை (டாக்டைப்பில் டிடிடியின் இடத்தைச் சொல்லும் முகவரி) கேட்டால் உங்கள் நிரலோடு சேர்த்துக் கட்டிய டிடிடியையே கொடுங்கள், வேறு எதைக் கேட்டாலும் எக்ஸெப்ஷனை எறியுங்கள். இங்கே நல்லைத் திருப்பினால் "நீயே போய்த் தேடிக்கொள்" என்று பொருள், அது கூடாது. இரண்டாவது, பார்ஸ் முடிந்ததும் டாக்குமென்ட்டைப் என்ற பொருளிடம் கெட்இன்டர்னல்சப்செட் கேளுங்கள். நல் இல்லாமல் எழுத்து ஏதாவது வந்தால் கோப்பை நிராகரியுங்கள். மூன்றாவது, ரூட் எலிமென்டின் பெயர் நீங்கள் எதிர்பார்ப்பதுதானா என்று பாருங்கள். டிடிடிக்கு ரூட் எது என்ற கருத்தே கிடையாது. டாக்டைப்பில் 'நூல்' என்று எழுதி ஒற்றை நூலை மட்டும் அனுப்பினாலும் அது செல்லுபடியாகும். பட்டியலை எதிர்பார்க்கும் நிரல் பிறகு எங்கோ உடையும்.

சாக்ஸில் இன்டர்னல் சப்செட்டைப் பிடிக்க லெக்ஸிகல்ஹேண்ட்லரையும் டெக்ல்ஹேண்ட்லரையும் சேர்த்து வையுங்கள். வெளி டிடிடி தொடங்கும்போது சதுர அடைப்புக்குள் டிடிடி என்ற பெயரோடு ஸ்டார்ட்என்டிட்டி நிகழ்வு வரும். அதற்கு முன்பே அறிவிப்பு நிகழ்வு ஏதாவது வந்தால் அது உள்ளிருந்து வந்தது.

டாக்டைப்பே இல்லாத கோப்புகள்

இவை நிறைய வரும், அனுப்புபவரைத் திருத்தச் சொல்ல எப்போதும் முடியாது. ஜாவாவில் இரண்டு வழி. சாக்ஸ் என்றால் என்டிட்டிரிசால்வர்2 இன்டர்ஃபேஸின் கெட்எக்ஸ்டர்னல்சப்செட் மெத்தடை எழுதுங்கள். டாக்டைப் இல்லாத கோப்பில் ரூட் பெயரைக் கொடுத்து 'டிடிடி ஏதும் வைத்திருக்கிறாயா' என்று பார்சர் அதைத்தான் கேட்கும். இன்னொரு வழி சுற்றுவழி: சரிபார்க்காமல் ஒருமுறை படித்து, டிரான்ஸ்ஃபார்மரில் டாக்டைப் சிஸ்டம் என்ற அவுட்புட் பண்பை வைத்து நினைவகத்திலேயே திரும்ப எழுதி, அதைச் சரிபார்த்துப் படிப்பது. இது எளிது. ஆனால் பிழையில் வரும் வரி எண் மூலக் கோப்பின் எண்ணாக இருக்காது. அறிக்கை தர வேண்டிய இடத்தில் இந்த வழியை எடுக்காதீர்கள்.

பைத்தான்காரர்களுக்கு இந்த விஷயத்தில் வேலை குறைவு. முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: பைத்தானோடு வரும் எலிமென்ட்ட்ரீ எக்ஸ்பாட்டின் மேல் ஓடுகிறது, எக்ஸ்பாட் சரிபார்க்கும் பார்சரே அல்ல. எந்த ஆப்ஷனைத் தேடினாலும் கிடைக்காது. எல்எக்ஸ்எம்எல் என்ற தனி லைப்ரரி வேண்டும். அதில் ஈட்ரீயின் டிடிடி வகுப்புக்குக் கோப்பைக் கொடுத்து ஒரு பொருளை உருவாக்குங்கள். எக்ஸ்எம்எல்லைத் தனியாகப் படித்து மரத்தை அந்தப் பொருளின் வேலிடேட் மெத்தடுக்குக் கொடுங்கள். கோப்பில் டாக்டைப் இருக்கிறதா, அது எதைக் காட்டுகிறது என்பதையெல்லாம் இது கண்டுகொள்ளாது. நீங்கள் கொடுத்த டிடிடியோடு மட்டுமே ஒப்பிடும். முந்தைய பகுதியின் கவலை முக்கால்வாசி இங்கேயே தீர்ந்துவிடுகிறது, டிடிடி சரிபார்ப்புக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

இதற்கும் ஒரு மௌனம் உண்டு. வேலிடேட் ட்ரூ அல்லது ஃபால்ஸ் திருப்பித் தரும், எக்ஸெப்ஷன் எறியாது. திருப்பித் தந்ததை வாங்காமல் விட்டால் சரிபார்க்காதது போலத்தான். எக்ஸெப்ஷன் வேண்டுமென்றால் அசர்ட்வேலிட். பிழை விவரங்கள் டிடிடி பொருளின் எரர்லாகில் வரி எண்ணோடு இருக்கும். மரத்தைப் படிக்கும் பார்சரில் ரிசால்வ்என்டிட்டிஸை ஃபால்ஸ் ஆக்கி, நோநெட்வொர்க்கை ட்ரூவாகவே விட்டு வையுங்கள்.

இந்தத் தனிப்பிரிப்புக்கு ஒரு விலை இருக்கிறது. டிடிடியில் வரையறுத்த என்டிட்டிகள் படிக்கும் நேரத்தில் பார்சருக்குத் தெரியாது. டாக்டைப் இல்லாத கோப்பில் அப்படி ஒரு என்டிட்டி வந்தால் அது ஃபேட்டல் பிழை. டிடிடி தரும் டிஃபால்ட் ஆட்ரிபியூட் மதிப்புகளும் மரத்தில் சேராது. உங்கள் டிடிடி இவ்விரண்டையும் நம்பியிருந்தால், டிடிடிவேலிடேஷன் ஆப்ஷனோடு பார்சரை உருவாக்கிப் படிக்கும் முறைக்குத்தான் போக வேண்டும். அது பிழை கண்டால் எக்ஸ்எம்எல்சின்டாக்ஸ்எரரை எறியும்.

டாட்நெட்டில் எக்ஸ்எம்எல்ரீடர்செட்டிங்ஸில் மூன்றைச் சேர்த்து மாற்ற வேண்டும்: டிடிடிப்ராசஸிங் பார்ஸ் ஆக, வேலிடேஷன்டைப் டிடிடி ஆக, எக்ஸ்எம்எல்ரிசால்வருக்கு ஒரு பொருள். முதலாவதன் இயல்பு நிலை ப்ரொஹிபிட் என்பதால் அதை விட்டால் டாக்டைப்பைக் கண்டதும் எக்ஸெப்ஷன் வரும், உடனே தெரிந்துவிடும். ரிசால்வரை விட்டால் வெளி டிடிடி படிக்கப்படாது. ஒவ்வொரு எலிமென்டும் 'அறிவிக்கப்படவில்லை' என்று பிழையாகும், டிடிடியில் கண்ணெதிரே இருக்கிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும். ரீடரை உருவாக்குவதோடு சரிபார்ப்பு முடிவதில்லை. ரீட் மெத்தடைக் கோப்பின் கடைசிவரை சுழற்சியில் ஓட்டினால்தான் கடைசிவரை சரிபார்க்கும். பிஎச்பியில் டாம்டாக்குமென்டின் வேலிடேட் மெத்தட், அதுவும் ட்ரூ, ஃபால்ஸ்தான். கோ மொழியின் எக்ஸ்எம்எல் பேக்கேஜில் டிடிடி சரிபார்ப்பே இல்லை.

டிடிடியை எங்கிருந்து எடுப்பது

டாக்டைப்பில் உள்ள சிஸ்டம் ஐடி வலைமுகவரியாக இருந்தால், ரிசால்வர் இல்லாத சரிபார்க்கும் பார்சர் ஒவ்வொரு கோப்புக்கும் அந்த முகவரிக்கு ஓடும். இது எவ்வளவு பெரிய தொல்லை என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2008-ல் டபிள்யு3சி தன் தளத்திலுள்ள டிடிடி, ஸ்கீமா போன்ற கோப்புகளுக்கு ஒரு நாளைக்கு 13 கோடி வரை கோரிக்கைகள் வருவதாகப் பகிரங்கமாகவே முறையிட்டது. ஆண்டுக்கணக்கில் மாறாத கோப்புகள் அவை. மறுமுனை தாமதித்தால் உங்கள் நிரலும் தாமதிக்கும், அது படுத்தால் இதுவும் படுக்கும். டிடிடியை நிரலோடு சேர்த்துக் கட்டுங்கள்.

ரிசால்வரில் இன்புட்சோர்ஸைத் திருப்பும்போது அதற்கு செட்சிஸ்டம்ஐடி செய்ய மறக்காதீர்கள். டிடிடி வேறு துணைக் கோப்புகளை உள்ளே இழுத்தால், அவற்றின் சார்புப் பாதை இந்த ஐடியை வைத்துத்தான் கணக்கிடப்படும். கோப்பை இன்புட்ஸ்ட்ரீமாகக் கொடுக்கும்போதும் இதே சிக்கல்தான். ஸ்ட்ரீமுக்குத் தான் எந்த ஃபோல்டரிலிருந்து வந்தது என்று தெரியாது. டிடிடியை நிரல் ஓடும் ஃபோல்டரில் போய்த் தேடி 'கோப்பு இல்லை' என்று திரும்பும். கோப்புப் பெயரைக் கொடுத்து ஓட்டினால் வேலை செய்கிறது, ஸ்ட்ரீமாகக் கொடுத்தால் வேலை செய்யவில்லை என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். பார்ஸ் மெத்தடின் இரண்டாவது வாதமாக சிஸ்டம் ஐடியைக் கொடுத்தால் தீர்ந்தது.

வெளி டிடிடி கோப்பின் தலைவரியில் ஒரு நுட்பம். எக்ஸ்எம்எல் கோப்பின் முதல் வரியில் வெர்ஷன் கட்டாயம், என்கோடிங் விருப்பம். டிடிடி கோப்பில் இது தலைகீழ்: அங்கே அந்த வரியை எழுதினால் என்கோடிங் கட்டாயம், வெர்ஷன் விருப்பம். எக்ஸ்எம்எல் கோப்பின் முதல் வரியை என்கோடிங் இல்லாமல் அப்படியே நகலெடுத்து டிடிடியின் தலையில் ஒட்டினால் ஃபேட்டல் பிழை வரும். யூடிஎஃப்-8 என்றால் அந்த வரியே இல்லாமல் விடலாம்.

பாதுகாப்பு அறிவுரைகளில் முதலில் வருவது டாக்டைப்பையே தடைசெய்யும் 'டிஸ்அலவ் டாக்டைப் டெக்ல்' அமைப்பு. டாக்டைப்பை நம்பிச் சரிபார்க்கும் நிரலோடு அது ஒத்துப்போகாது, டாக்டைப்பைக் கண்டதும் நின்றுவிடும். ஆனால் அது எச்சரிக்கும் ஆபத்துகள் உண்மையானவை. என்டிட்டி வழியாக சர்வரிலுள்ள கோப்பைப் படித்துக் காட்டச் சொல்லலாம். பத்துப் பத்தாகப் பெருகும் என்டிட்டிகளை அடுக்கி, ஒரு கேபிக்கும் குறைவான கோப்பை நூறு கோடி துண்டுகளாக விரியச் செய்யும் 'பில்லியன் லாஃப்ஸ்' தாக்குதலும் நடத்தலாம். உங்கள் டிடிடியைத் தவிர எல்லாவற்றையும் மறுக்கும் ரிசால்வர் முதலாவதைத் தடுக்கும். இரண்டாவதற்கு விரிவாக்க வரம்பு இருக்கிறது. ஜாவா 8-ல் அதன் இயல்பு அளவு 64,000. உங்கள் டிடிடியில் என்டிட்டியே இல்லையென்றால் அதைத் தாராளமாகக் குறைக்கலாம். செக்யூர் ப்ராசஸிங் என்ற அமைப்பை நீங்களே வெளிப்படையாக ஆன் செய்தால் வெளி டிடிடி படிப்பதும் சேர்ந்து தடைபடும். அப்போது அக்சஸ்எக்ஸ்டர்னல்டிடிடி பண்பில் அனுமதிக்கும் நெறிமுறையை, உதாரணமாக ஃபைல் என்பதை மட்டும், எழுத வேண்டும்.

கோப்பு சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும் இடங்கள்

எம்ப்டி வகை எலிமென்ட். அட்டையை ஒரே டேகில் மூடினாலும், திறந்து உடனே மூடினாலும் சரி. ஆனால் அழகுபடுத்தும் கருவி ஒன்று அதை இப்படிப் பிரித்துவிட்டால்:

<அட்டை கோப்பு="அ1">
</அட்டை>

இது செல்லாது. இடையில் இருப்பது ஒரு வரிமுறிவுதான், அதுவும் கூடாது. கமென்ட்கூடக் கூடாது. நூல் போன்ற எலிமென்டுகளில் பிள்ளை எலிமென்டுகளுக்கு நடுவே இடைவெளியும் கமென்டும் இருக்கலாம். சிடேட்டா பகுதி (டேகாகக் கொள்ளாமல் வெறும் எழுத்தாகவே படிக்க வேண்டிய பகுதி), வெறுமையாக இருந்தாலும், அங்கே வரக்கூடாது. இடைவெளியை எண் குறியீடாக எழுதினாலும் ஏற்காது.

ஐடி வகை ஆட்ரிபியூட்டின் மதிப்பு பெயர் விதிக்கு உட்பட்டது, இலக்கத்தில் தொடங்க முடியாது. டேட்டாபேஸின் எண்ணை அப்படியே 101 என்று எழுதினால் பிழை, அதனால்தான் மேலே நூ101. ஐடி ஆவணம் முழுவதற்கும் தனித்தன்மையாக இருக்க வேண்டும். நூலில் ஒரு ப1, ஆசிரியரில் இன்னொரு ப1 என்று வைக்க முடியாது. ஐடிரெஃப் (வேறோர் எலிமென்டின் ஐடியைக் குறிக்கும் ஆட்ரிபியூட் வகை) சுட்டும் ஐடி இருக்கிறதா என்பது ஆவணத்தின் கடைசியில்தான் தெரியவரும். இதனால் சாக்ஸில் படித்துக்கொண்டே டேட்டாபேஸில் எழுதும் நிரல், பிழை தெரியும்போது எல்லாவற்றையும் எழுதி முடித்திருக்கும். முதல் ஓட்டத்தில் சரிபார்த்து, இரண்டாம் ஓட்டத்தில் எழுதுங்கள், அல்லது எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் வையுங்கள்.

எழுத்தும் எலிமென்டும் கலந்து வரும் வரையறையில் பிசிடேட்டா முதலில் வர வேண்டும், பிரிப்பது குத்துக்கோடு, கடைசியில் நட்சத்திரக் குறி கட்டாயம். அப்படி எழுதிய பின் வரிசையையோ எண்ணிக்கையையோ டிடிடியால் கட்டுப்படுத்த முடியாது. கலக்காத வரையறையில் ((தலைப்பு, ஆசிரியர்) | (தலைப்பு, தொகுதி)) போல எழுதினால், தலைப்பைக் கண்டதும் எந்தக் கிளை என்று முடிவெடுக்க முடியாத நிலை வருகிறது. எல்எக்ஸ்எம்எல்லின் அடியில் ஓடும் லிப்எக்ஸ்எம்எல்2 இதைப் பிழையென்று சொல்லும். (தலைப்பு, (ஆசிரியர் | தொகுதி)) என்று பொதுவானதை வெளியே எடுத்தால் போதும்.

நேம்ஸ்பேஸ் (ஒரே பெயர்கள் மோதாமல் முன்னொட்டு வைத்துப் பிரிக்கும் முறை) டிடிடிக்குத் தெரியாது. முன்னொட்டும் முக்காற்புள்ளியும் பெயரின் பகுதி என்றே எடுத்துக்கொள்ளும். முன்னொட்டை மாற்றிய கோப்பு செல்லாது. எக்ஸ்எம்எல்என்எஸ் என்பதையும் ஓர் ஆட்ரிபியூட்டாக டிடிடியில் அறிவித்தாக வேண்டும்.

தமிழில் டேக் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் ஒரு கண்ணி. தொகுதி என்ற சொல்லின் 'தொ' யூனிகோடில் இரண்டு விதமாக அமையலாம்: த-வோடு ஒகரக் குறி ஒற்றைக் குறியீடாக வரலாம், அல்லது எகரக் குறி, கால் என்று இரண்டு குறியீடுகளாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பார்சர் குறியீடு குறியீடாக ஒப்பிடுவதால் அதற்கு இவை வெவ்வேறு பெயர்கள். டிடிடியை ஒரு விசைப்பலகையிலும் கோப்பை வேறொரு கருவியிலும் உருவாக்கினால், 'தொகுதி என்ற எலிமென்ட் அறிவிக்கப்படவில்லை' என்று வரும், அறிவிப்போ கண்முன்னே இருக்கும். இரண்டையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிய பிறகே பார்சருக்குக் கொடுங்கள். பெயரை ஃ-ல் தொடங்காதீர்கள். எக்ஸ்எம்எல் 1.0 விதியின் 2008-ல் வந்த ஐந்தாம் பதிப்பு அதை ஏற்கிறது, அதற்கு முந்தைய பதிப்புகள் ஏற்பதில்லை. ஜாவாவோடு வரும் ஸெர்சஸ் பார்சர் பழைய விதியிலேயே நிற்கிறது, லிப்எக்ஸ்எம்எல்2 புதியதைப் பின்பற்றுகிறது. அதனால் ஒன்றில் தேறும் கோப்பு இன்னொன்றில் விழும்.

வரி எண்ணை எப்படிப் படிப்பது

நூலில் ஆசிரியர் தலைப்புக்கு முன்னால் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஸெர்சஸ் ஓர் எலிமென்டின் உள்ளடக்கத்தை அது மூடும்போதுதான் வரையறையோடு ஒப்பிடுகிறது. எனவே பிழையின் வரி எண் </நூல்> இருக்கும் வரி. 'நூலின் உள்ளடக்கம் இந்த வரையறைக்குப் பொருந்த வேண்டும்' என்று வரையறையை மட்டும் காட்டும், எந்தப் பிள்ளை தவறு என்று சொல்லாது. பட்டியலே தவறாக இருந்தால் கோப்பின் கடைசி வரியைக் காட்டும். அங்கே தேடி ஒன்றும் கிடைக்காது, மேலே போக வேண்டும். லிப்எக்ஸ்எம்எல்2 எதிர்பார்த்த வரிசையையும் வந்த வரிசையையும் அருகருகே போடுகிறது. டாட்நெட் தவறான பிள்ளையின் இடத்திலேயே நின்று, அங்கே என்னென்ன வந்திருக்கலாம் என்று பட்டியலிடுகிறது. பயனருக்கு அறிக்கை தரும் நிரலை ஜாவாவில் எழுதுகிறீர்கள் என்றால், வரி எண்ணோடு 'இந்த எலிமென்ட் முடியும் இடம்' என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

நிரலையே சந்தேகிக்கும்போது எக்ஸ்எம்எல்லின்ட் கட்டளையை நடுவராக வைக்கலாம். வேலிட் என்ற ஆப்ஷன் கோப்பின் டாக்டைப்பைப் பின்பற்றும், டிடிடிவேலிட் ஆப்ஷன் நீங்கள் கொடுக்கும் டிடிடியோடு ஒப்பிடும். நோஅவுட் சேர்த்தால் கோப்பைத் திரும்ப அச்சிடாது, நோநெட் சேர்த்தால் வலைக்குப் போகாது. தவறென்றால் வெளியேறும் எண் 0-ஆக இருக்காது, எனவே பில்ட் ஸ்கிரிப்டில் அப்படியே வைக்கலாம்.

யூனிட் டெஸ்டில் சரியான கோப்பு ஒன்றை மட்டும் வைத்தால், எரர்ஹேண்ட்லர் இல்லாத நிரலும் அந்த டெஸ்டில் தேறிவிடும். விழ வேண்டிய கோப்புகளை வையுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தவறு: தலைப்பு இல்லாத நூல், வரிசை மாறிய ஆசிரியர், 'கோப்பு' ஆட்ரிபியூட் இல்லாத அட்டை, உள்ளே வரிமுறிவு உள்ள அட்டை, இருமுறை வந்த அடையாளம், டாக்டைப் இல்லாத கோப்பு, சொந்த இன்டர்னல் சப்செட்டோடு வரும் கோப்பு, வேறு ரூட் உள்ள கோப்பு. ஒவ்வொன்றும் நிராகரிக்கப்பட்டதா என்பதோடு, எந்தப் பிழைச் செய்தியால் நிராகரிக்கப்பட்டது என்பதையும் டெஸ்டில் சரிபாருங்கள். டிடிடி கோப்பே கிடைக்காமல் எல்லாம் விழுந்தாலும் 'நிராகரிக்கப்பட்டது' என்ற டெஸ்ட் பச்சையாகத்தான் இருக்கும்.